அன்றிரவே வீடு திரும்பலாமா?

செய்தி மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்தவனுக்கு ஒரு விசித்திரமான ஞாபகசக்தி வாய்த்துவிடுகிறது. முதற்பக்கத் தலைப்புகள் மறந்துபோகும். எங்கோ ஒரு மூலையில் இரண்டு அங்குல இடத்தில் போட்ட செய்தி மட்டும் மனதை விட்டு நீங்காது. 2007 நவம்பரில் அப்படியொரு செய்தி வந்தது. அமெரிக்கப் பாடகர் கான்யே வெஸ்டின் தாயார் டொண்டா வெஸ்ட் காலமானார் என்பதுதான் அது. பாடகரின் பெயரே நம் வாசகர்களில் பலருக்குப் பழக்கமில்லை என்பதால், உள்பக்கத்தில் ஒரு சேலைக்கடை விளம்பரத்தின் தலைமாட்டில் அதற்கு இடம் கிடைத்தது.

அந்த அம்மையாருக்கு அப்போது 58 வயது. சிக்காகோ அரச பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறைக்குத் தலைமை வகித்தவர். கல்வியோ வசதியோ குறைந்தவர் அல்லர். நவம்பர் 9ஆம் திகதி அவருக்குக் கொழுப்பு உறிஞ்சுதலும் மார்பகக் குறைப்பும் உட்படப் பல அழகியல் சத்திரசிகிச்சைகள் ஒரே அமர்வில் செய்யப்பட்டன. பல மணி நேரம் நீடித்த சிகிச்சை. அது முடிந்ததும் அவர் வீடு திரும்பினார். அடுத்த நாள் மாலை உயிரோடு இல்லை. இருதய இரத்தக்குழாய் நோயும் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பல காரணிகளும் சேர்ந்த மரணம் என்று 2008 ஜனவரியில் மரண விசாரணை அலுவலகம் அறிவித்தது. சிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்பு நிலையமொன்றில் தங்குமாறு தாம் சொன்னதாகவும், அவர் வீட்டையே விரும்பியதாகவும் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் பின்னர் கூறினார். வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களுள் ஒருவர், தாதித் தொழில் பயின்ற உறவினர்.

இதன் விளைவாக 2009இல் கலிபோர்னியா மாநிலம் அவர் பெயராலேயே அறியப்படும் ஒரு சட்டத்தை இயற்றியது. அழகுக்கான சத்திரசிகிச்சைக்கு முன்னர் உடற்பரிசோதனை செய்து, தகுதி உண்டென்று எழுத்தில் பெறவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டந்தான். ஆனால் அது சிகிச்சைக்கு முந்திய நாட்களைப் பற்றியது. சிகிச்சைக்குப் பிந்திய முதல் இரவைப் பற்றி அது பேசவில்லை.

இந்தப் பழைய செய்தியை நான் மீண்டும் தேடியெடுக்க நேர்ந்தது என் தம்பி மகளால். கொழும்பில் பத்திரிகை வேலை முடிந்து மாத்தளைக்கே திரும்பிவிட்டவன் நான் என்பது இப்பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். அவள் ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கணவர் கட்டாரில். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். வீட்டில் துணைக்கு மாமியார். ஒரு ஞாயிறு மாலை தொலைபேசியில் கேட்டாள்:

"பெரியப்பா, காலையில போனா ராத்திரிக்கே வீட்டுக்கு வந்துடலாமாம். அஞ்சு மணித்தியாலம்தானாம். நீங்க பேப்பர்ல எவ்வளவோ எழுதியிருக்கீங்க. இது சரியா வருமா?"

கொழும்பில் ஒரு நிலையம். பெயர் இங்கே வேண்டாம். தொங்கிப்போன வயிற்றுத் தோலை வெட்டி, விலகிப்போன தசையைத் தைத்து இறுக்குவார்கள். கூடவே இடுப்பிலும் முதுகிலும் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். எல்லாம் ஒரே நாளில், ஒரே கட்டணத்தில். மாத்தளையிலிருந்து கொழும்பு கண்டி வழியாகச் சுமார் 140 கிலோமீற்றர். திரும்பி வருவதற்கு வேன் ஒன்றும் பேசி வைத்திருந்தாள்.

இதையெல்லாம் ஏன் செய்துகொள்ளவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை. ஆனாலும் அவளே சொன்னாள். நான்காம் வகுப்புப் பிள்ளையொன்று, "டீச்சர், தம்பிப் பாப்பா எப்ப வரும்?" என்று கேட்டதாம். இளைய பிள்ளைக்கு அப்போதே ஏழு வயது. வயிற்றுத் தசை விலகிய பெண்ணுக்கு முதுகுவலியும் உண்டு. அழகு என்ற ஒற்றைச் சொல்லில் அதை அடக்கிவிட முடியாது. இந்த விடயத்தில் கிண்டல் பேசும் ஆண்கள் ஒருமுறை சேலையும் கட்டி, நாற்பது பிள்ளைகளின் முன்னே நின்று பாடம் நடத்திப் பார்க்கட்டும்.

அன்றே வீடு திரும்பும் சத்திரசிகிச்சை என்பதே ஆபத்து என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. கண்புரை நீக்கிய கையோடு கறுப்புக் கண்ணாடி அணிந்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்தவன் நான். இந்த முறை நேற்று முளைத்ததுமல்ல. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், சுமார் 9,000 குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து அன்றே தாய்மாரிடம் ஒப்படைத்த அனுபவத்தை 1909இல் வெளியிட்டார். வீட்டில் தாயின் மடியில் குழந்தை நன்றாகவே தேறுகிறது என்பது அவர் கண்டது. ஆனால் அந்த மனிதர் குழந்தைகளை அனுப்பிவிட்டுக் கைகழுவவில்லை. பின்னாலேயே தாதியரையும் வீடுவீடாக அனுப்பினார். இன்றைய விளம்பரங்களில் முதற்பாதி இருக்கிறது. தாதியைத்தான் காணோம்.

கண்புரைக்கு இருபது நிமிடம். ஐந்து மணித்தியாலம் வேறு கதை. கண்டியில் மயக்கமருந்து வைத்திய நிபுணராக இருந்து ஓய்வுபெற்ற நண்பரொருவரிடம் இதைக் கேட்டபோது, அவர் ஒரு தாளை எடுத்து மணிக்கணக்குப் போட்டுக் காட்டினார். நான் வைத்தியன் அல்லன்; அவர் போட்ட கணக்கைப் பின்னர் நானாகவும் வாசித்துச் சரிபார்த்ததன் பேரிலேயே இதை எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்குத் தொடங்கிய சிகிச்சை பிற்பகல் இரண்டுக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனை நேரமும் கால் அசையவில்லை, உடம்பு குளிர்ந்திருக்கிறது, நாளத்தின் வழியாகவும் தோலின் கீழும் லீற்றர் கணக்கில் திரவம் ஏறியிருக்கிறது. ஐந்து மணிக்குக் கண் விழித்து, தேநீர் குடித்து, கதிரையில் உட்கார்ந்து சிரிக்கவும் செய்கிறார். வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். உள்ளே வேறொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொழுப்பு உறிஞ்சுவதற்கு முன்னர் தோலின் கீழே உப்புநீரோடு லிக்னோகேயின் என்ற மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் கலந்து செலுத்துகிறார்கள். அந்த மருந்து கொழுப்பிலிருந்து மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கிறது. அதன் அளவு இரத்தத்தில் உச்சம் தொடுவது சிகிச்சை மேசையில் அல்ல. செலுத்திப் பன்னிரண்டு மணித்தியாலம் அளவில்தான் பெரும்பாலும் அது நிகழ்கிறது. காலை ஒன்பதுக்குச் செலுத்தினால் இரவு ஒன்பது. எங்கள் கணக்கின்படி வேன் அப்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் நிற்கும். அளவு சரியாக இருந்திருந்தால் ஒன்றும் நேராது. மிஞ்சியிருந்தால் உதடு மரத்து, காது இரைந்து, வலிப்பு கண்டு, இதயத் துடிப்பே தடுமாறலாம். அட்ரினலினின் பிடி தளரும்போது, அதுவரை சுருங்கியிருந்த சிறு இரத்தக்குழாய்கள் திறக்கின்றன. வெட்டிய இடத்தின் உள்ளே இரத்தக்கசிவு தோன்றினால் பெரும்பாலும் முதல் நாளிலேயே தோன்றும். செலுத்திய திரவம் உடம்புக்குள் இடம் மாறுவதும் இந்த நேரத்தில்தான்; இதயம் பலவீனமான ஒருவருக்கு அது நுரையீரலில் தேங்கக்கூடும்.

வலி மாத்திரையும் உண்டு. நண்பர் அதிகம் அஞ்சியது இதைத்தான். ஓப்பியம் வகையைச் சேர்ந்த வலிநிவாரணி சுவாசத்தை மந்தமாக்கும். உடல் பருத்து, இரவில் குறட்டைவிட்டு, இடையிடையே மூச்சு நின்று தூங்கும் வழக்கமுள்ளவருக்கு, மயக்கமருந்தின் மிச்சமும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் அந்த மூச்சு திரும்ப வராமலே போய்விடலாம். விடுதியில் விரலில் மாட்டிய கருவி கத்தும். தாதி ஓடி வருவாள். வீட்டிலோ, "பாவம், களைப்பில் நன்றாகத் தூங்குகிறாள்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள்.

அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. 1994க்கும் 1998க்கும் இடையில் நடந்த 496,245 கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைகளில் 95 மரணங்கள். ஏறத்தாழ ஐயாயிரத்துக்கு ஒன்று. அதன் பின்னர் முறைகள் திருந்தியிருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது எண்ணிக்கை அல்ல. அம்மரணங்களில் பல, வீடு திரும்பிய முதல் இரவிலேயே நிகழ்ந்திருந்தன என்ற குறிப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். வைத்தியசாலையில் ஓரிரவு தங்கினால் எல்லா ஆபத்தும் தீர்ந்துவிடாது. அந்த ஆய்வில் மரணத்துக்கு முதற்காரணமாக இருந்தது, காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வது. அது மூன்றாம் நாளும் வரலாம், இரண்டாம் வாரமும் வரலாம். சிகிச்சை எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு கூடும் ஆபத்து அது. சிகிச்சை முடிந்து சில மணித்தியாலங்களில் வேனில் காலை மடக்கி 140 கிலோமீற்றர் உட்கார்ந்து வருவது அதற்கு நாமே வைக்கும் வெற்றிலை பாக்கு.

வெளிநாடுகளில் இதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். வைத்தியசாலைக்கு வெளியே செய்யும் சிகிச்சை ஆறு மணித்தியாலத்துக்குள் முடிவது நல்லது என்றும், உறிஞ்சி எடுப்பது ஐந்து லீற்றரைத் தாண்டினால் இரவு முழுவதும் கண்காணிப்பு வேண்டும் என்றும் அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் சங்கம் ஆலோசனை கூறுகிறது. புளோரிடா மாநில விதிகள் இன்னும் இறுக்கம். வைத்தியரின் அலுவலகத்தில் வைத்துச் செய்யும்போது, வேறொரு சத்திரசிகிச்சையோடு சேர்த்துக் கொழுப்பு உறிஞ்சினால் ஒரு லீற்றருக்கு மேல் எடுக்கக்கூடாது. தம்பி மகள் கேட்டு வந்தது இரண்டையும் சேர்த்துத்தான்.

மணிக்கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். கிலோமீற்றர் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். நோயாளி தங்கும் இடம் வைத்தியசாலைக்கு ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கவேண்டும், பொறுப்பான பெரியவர் ஒருவர் 24 மணித்தியாலம் கூடவே இருக்கவேண்டும் என்பது அன்றே அனுப்பும் சிகிச்சைகளுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் நிபந்தனை. கொழும்பில் இருப்பவருக்கு அது சுலபம். மாத்தளை மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ரத்தோட்டைக்கு மேலே கம்மடுவைப் பக்கம், எல்கடுவைத் தோட்டங்கள், நக்கிள்ஸ் மலைச்சாரலின் கிராமங்கள். மழை இரவில் மூடுபனியும் மண்சரிவும். கலேவெல, தம்புள்ளைப் பக்கமானால் இரவில் யானை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தின் பாதைகள் எப்படித் துண்டாடப்பட்டன என்பதைப் பார்த்தோம். மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் தேர் வீதிக்கு வந்துவிட்டால் மாத்தளை நகரத்துக்குள்ளேயே ஒரு வாகனம் நகராது. அதை யாரும் குறை சொல்லவும் மாட்டோம்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரந்த இலவசச் சேவை. ஆனால் அது வருவது வீதிவரைதான். தம்பி மகளின் வீடு வீதியிலிருந்து எண்பது படி கீழே. வயிற்றைக் குறுக்காக வெட்டித் தைத்த ஒருத்தியை நள்ளிரவில் அந்தப் படிகளில் யார் தூக்குவது? தூக்கி, மாத்தளைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அங்கே இரவுப் பணியில் இருக்கும் இளம் வைத்தியருக்கு இவளைத் தெரியாது. எத்தனை லீற்றர் எடுத்தார்கள், எந்த மருந்து எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியாது. டயக்னோசிஸ் கார்டில் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் உண்டு. கத்தி பிடித்தவர் கொழும்பில் தூங்கிக்கொண்டிருப்பார்.

இவ்வளவையும் சொன்ன பிறகு அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப ராத்திரி தங்கணும்னா மாமிகிட்ட என்ன சொல்றது?"

அப்போதுதான் எனக்கு விடயம் விளங்கிற்று. அன்றே வீடு திரும்புவதைப் பணத்துக்காக அவள் தெரிவு செய்யவில்லை. கொழும்பில் ஆசிரியர் பயிற்சிப் பட்டறை என்று மாமியாரிடம் சொல்லியிருந்தாள். அந்த நிலையங்கள் விற்பது மலிவை அல்ல, இரகசியத்தை. யாருக்கும் தெரியாமல் போய், யாருக்கும் தெரியாமல் வந்துவிடலாம் என்பதே சரக்கு. இருதய நோய்க்கு வைத்தியசாலையில் படுத்தால் ஊரே ஹோர்லிக்ஸ் போத்தலோடு வருகிறது. அழகுக்காகப் படுத்தால் சொல்லிக்கொள்ள வெட்கம். அந்த வெட்கம், இரவில் பக்கத்தில் விழித்திருக்க வேண்டிய ஒரே ஆளையும் அப்புறப்படுத்திவிடுகிறது. கூட இருப்பவருக்கு நடந்தது தெரியாவிட்டால் அவர் எதைக் கவனிப்பார்?

2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்காக ஒரு தனியார் நிலையத்துக்குப் போனார். வயது 21. பெற்றோருக்குச் சொல்லவில்லை. சிகிச்சையை அடுத்து மூச்சுத் திணறல் ஏற்பட்டு வேறொரு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அதற்கு ஆறு ஆண்டு முன்னர், 2016 மே மாதம் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு வாலிபர் இரண்டொரு நாளில் இறந்துபோனார். மருத்துவக் கல்லூரி மாணவர் அவர். முடி நடுவதுதானே என்று தோன்றும். அதுவும் பல மணி நேரம் நீண்ட சிகிச்சை. அந்த இடத்துக்கு இருந்தது முடி திருத்தும் நிலையத்துக்கான அனுமதி மட்டுமே என்று பின்னர் தெரியவந்தது. மருத்துவம் படித்தவருக்கே இதுவென்றால், பளபளக்கும் வரவேற்புக் கூடத்தைப் பார்த்து மயங்கும் மற்றவர்களை என்ன சொல்வது!

நம் நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்படவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதற்கென ஒழுங்குமுறைப் பேரவையும் உண்டு. பதிவு உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. அதைத்தான் முதலில் கேட்கச் சொன்னேன். மயக்கமருந்து கொடுப்பவர் யார், அவர் கடைசிவரை இருப்பாரா, கொழுப்பு எத்தனை லீற்றர், இரவு இரண்டு மணிக்கு ஏதாவது நேர்ந்தால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, அதை எடுப்பவர் வைத்தியரா காவலாளியா, அதிதீவிர சிகிச்சைப் பிரிவுள்ள எந்த வைத்தியசாலையோடு அவர்களுக்குத் தொடர்பு உண்டு என்பனவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பேட்டிக்குப் போகும் நிருபருக்குக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தேன்.

அவள் தொலைபேசியில் கேட்டாள். மறுமுனையில் பேசிய பெண் மிகவும் இனிமையாக, "எங்கட பேஷன்ட்ஸ் எல்லாரும் அன்டைக்கே போறவங்கதான் மிஸ்" என்றாளாம். இரண்டாம் முறை கேட்டபோதும் அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது, முற்பணம் செலுத்தினால் வைத்தியரோடு பேசலாம் என்று சொன்னார்களாம்.

இப்போது கண்டியில், இரவு விடுதியும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் திகதி எடுத்திருக்கிறாள். இங்கிருந்து 26 கிலோமீற்றர்தான். வயிற்றுக்கு மட்டும் சிகிச்சை. கொழுப்பு உறிஞ்சுவதை ஒரே நாளில் சேர்க்கவேண்டாம் என்று அங்குள்ள வைத்திய நிபுணரே சொல்லிவிட்டார். இரண்டு இரவு தங்கவேண்டும். அதன்பின் ஒரு கிழமை எங்கள் வீட்டில், படி இல்லாத தரையில். காலுக்கு இறுக்கமான காலுறை, முதல் நாளிலிருந்தே மெல்ல நடை, இரத்தம் உறையாதிருக்க ஊசி தேவையா என்று தீர்மானிக்கப் பரிசோதனைகள் எனப் பட்டியல் நீளமாக இருக்கிறது. செலவும் கூடிவிட்டது. இரண்டு காப்பு அடகுக் கடைக்குப் போயிற்று.

மாமியாரிடம் அவளேதான் சொன்னாள். கிழவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் மூணு பெத்த வயிறுதானேடி, இதைச் சொல்ல என்ன வெட்கம்" என்றாராம். இரண்டு இரவும் கட்டிலுக்குப் பக்கத்தில் தாமே இருப்பதாகப் பிடிவாதம். இரவில் அவர் கண் அயரமாட்டார் என்பதற்கு நானே சாட்சி. தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்துப் பழக்கம், மூன்று மணிக்கே எழுந்துவிடுவார். எந்த அறிகுறியைக் கண்டால் தாதியைக் கூப்பிடவேண்டும் என்று கேட்டு, பேத்தியைக் கொண்டு ஒரு கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் அந்த நாட்களில் என் பொறுப்பு.